சாத்தான் சொல்லும் சாக்கு: மேற்கிலும் துருக்கியிலும் தீமையின் இலக்கிய முகங்கள்

அவைத் தலைவர் அவர்களே, இலக்கிய அன்பர்களே, வணக்கம்.

மேற்கத்திய இலக்கியத்திலும் துருக்கிய இலக்கியத்திலும் தீமை எவ்வாறு சித்திரிக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இரண்டு பெரிய மரபுகளையும் ஒரு மாலைக்குள் அடக்கிவிட முடியாது என்பதால், ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சில நூல்களுக்குள் போய்வரலாம் என்று எண்ணுகிறேன். தீமை செய்தவன், தான் செய்ததற்கு என்ன காரணம் சொல்கிறான், பழியை யார் தலையில் கட்டுகிறான் என்பதே அந்தக் கேள்வி. தீமை என்றால் என்ன என்று தத்துவவாதிகள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். அதில் நான் நுழையப் போவதில்லை. இலக்கியத்துக்கு அதைவிடச் சிறியதும் கூர்மையானதுமான ஒரு வேலை உண்டு. குற்றவாளியைப் பேசவிட்டு, அவன் பேச்சிலேயே அவனைப் பிடிப்பதுதான் அது.

இரண்டு மரபுகளுக்கும் அடியில் ஏறத்தாழ ஒரே கதை இருக்கிறது. ஆனால் அந்தக் கதை ஓர் இடத்தில் பிரிகிறது. விவிலியத்தின் ஆதியாகமத்தில், விலக்கப்பட்ட கனியை ஏன் உண்டாய் என்று கடவுள் கேட்கும்போது, ஆதாம் ஏவாளைக் கைகாட்டுகிறான். அதிலும், எனக்குத் துணையாக நீர் தந்த பெண்தான் கொடுத்தாள் என்று சொல்லிக் கடவுளையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறான். ஏவாள் பாம்பைக் கைகாட்டுகிறாள். பாம்பிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. திருக்குர்ஆனின் 7ஆம் அத்தியாயத்தில் இதே நிகழ்ச்சி வேறுவிதமாக நிற்கிறது. அங்கே ஆதமும் அவருடைய துணைவியும் ஒரே குரலில், எங்களுக்கு நாங்களே தீங்கிழைத்துக்கொண்டோம் என்கிறார்கள். பழிபோடும் வேலையை இப்லீஸ், அதாவது சாத்தான், எடுத்துக்கொள்கிறான். மண்ணால் ஆன மனிதனுக்கு நெருப்பால் ஆன நான் பணிவதா என்று மறுத்து விரட்டப்பட்ட பிறகு, என்னை வழிதவறச் செய்தது நீதான் என்று இறைவனிடமே சொல்கிறான். தவறியவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள்; ஒரு தரப்பு ஒப்புக்கொள்கிறது, மறு தரப்பு சாக்குச் சொல்கிறது. அந்த இடத்தில்தான் மனிதனும் சாத்தானும் பிரிகிறார்கள். இந்த வேறுபாட்டை 13ஆம் நூற்றாண்டில் கோன்யா நகரில் வாழ்ந்த சூஃபிக் கவிஞர் ஜலாலுத்தீன் ரூமி, மஸ்னவி என்னும் தம் நெடுங்காவியத்தின் முதல் புத்தகத்திலேயே எடுத்துப் பேசுகிறார்.

மேற்கிலிருந்து தொடங்குகிறேன். தாந்தேயின் நரகத்தில் சாத்தானுக்குப் பேச்சே கிடையாது. நரகத்தின் அடியாழத்தில், நெருப்பில் அல்ல, பனிக்கட்டியில் உறைந்து நின்று, மூன்று வாய்களாலும் யூதாஸையும் புரூட்டஸையும் காசியஸையும் மென்றுகொண்டிருக்கிறான். ஓர் இயந்திரத்துக்கு உள்ள அளவு ஆளுமைதான் அவனுக்கு உண்டு. மில்டன் வந்து அந்த வாயைத் திறந்துவிட்டார். 1667இல் வெளிவந்த அவருடைய 'இழந்த சொர்க்கம்' காவியத்தில் சாத்தான் பேசத் தொடங்கியதும், கேட்பவர்கள் கடவுளின் பக்கம் நிற்பதே கடினமாகிவிடுகிறது. சொர்க்கத்தில் பணிசெய்வதைவிட நரகத்தில் ஆள்வது மேல் என்ற அவனுடைய அறிவிப்பு எந்தப் புரட்சிக்காரனின் வாயிலும் பொருந்தும். மில்டன் தம்மை அறியாமலேயே சாத்தானின் கட்சியைச் சேர்ந்தவர் என்று ஆங்கிலக் கவிஞர் பிளேக் எழுதியது இதனால்தான். ரொமான்டிக் கவிஞர்கள் பலர் அந்த வழியே போனார்கள்.

அவர்கள் ஒரு பக்கத்தைப் போதுமான பொறுமையோடு படிக்கவில்லை என்பது என் எண்ணம். நான்காம் காண்டத்தில் சாத்தான் ஏதேன் தோட்டத்துக்குள் வந்து, ஆதாமையும் ஏவாளையும் முதன்முறையாகப் பார்க்கிறான். அவர்களுடைய அழகு அவனைத் தடுமாற வைக்கிறது. அவர்கள்மேல் அன்பு செலுத்தவும் இரங்கவும் தன்னால் முடியும் என்று அவனே சொல்கிறான். அடுத்த மூச்சில், எனக்குத் தனிப்பட்ட முறையில் உங்கள்மேல் பகை இல்லை, ஆனால் பொதுக்காரியமும் மானமும் சாம்ராஜ்யமும் என்னைக் கட்டாயப்படுத்துகின்றன என்கிறான். அந்த இடத்தில் மில்டன் தாமே குறுக்கிட்டு, கட்டாயம் என்பது கொடுங்கோலர்களின் வழக்கமான வாதம், அதைச் சொல்லியே அவன் தன் செயலுக்குச் சாக்குத் தேடினான் என்று ஒரு வரி எழுதுகிறார். தம் காலத்து ஆட்சியில் பணியாற்றி, ஒரு மன்னனின் தலை வெட்டப்பட்டதை ஆதரித்து எழுதிய மனிதருக்கு அரசியல் வாதங்களின் வாசனை நன்றாகத் தெரிந்திருந்தது. பத்தாம் காண்டத்தில் வெற்றியோடு நரகம் திரும்பும் சாத்தான், கைதட்டலை எதிர்பார்த்து நிற்கிறான். அவன் காதில் விழுவதோ கூட்டம் முழுவதும் பாம்பாகிச் சீறும் ஓசை.

ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் தன் தளபதி ஒதெல்லோவை வஞ்சித்து அழிக்கும் இயாகோ இந்த வரிசையில் தனி ஆள். பதவி உயர்வு காசியோவுக்குப் போய்விட்டது, தன் மனைவியோடு ஒதெல்லோவுக்குத் தொடர்பு இருக்கலாம், காசியோவுக்கும் இருக்கலாம் என்று அவன் காரணங்களை அடுக்கிக்கொண்டே போகிறான். காரணங்கள் கூடக் கூட அவற்றின்மேல் நமக்கு நம்பிக்கை குறைகிறது. நோக்கமற்ற வன்மம் தனக்கு ஒரு நோக்கத்தை வேட்டையாடுகிறது என்று கோல்ரிட்ஜ் குறித்தது அதைத்தான். எல்லாம் வெளிப்பட்ட பிறகு இயாகோ சொல்வது, என்னிடம் எதுவும் கேட்காதீர்கள், உங்களுக்குத் தெரிந்தது தெரிந்ததுதான், இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்பது மட்டுமே. இந்த மௌனத்தைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

கெதேயின் 'ஃபவுஸ்ட்' பற்றி நிறையப் பேசலாம்; நான் ஒரே காட்சியோடு நிறுத்திக்கொள்கிறேன். 1808இல் வந்த முதல் பாகத்தின் இறுதிப் பகுதியில், தான் காதலித்துக் கைவிட்ட கிரெட்சன், குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காகச் சிறையில் கிடக்கிறாள் என்று அறிந்து ஃபவுஸ்ட் கொதிக்கிறான். தன்னோடு வரும் சாத்தான் மெஃபிஸ்டோஃபிலிஸை வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். அவளை அழிவுக்குள் தள்ளியது யார், நானா நீயா என்று சாத்தான் திருப்பிக் கேட்கிறான். ஃபவுஸ்ட்டிடம் பதில் இல்லை. ஒரு நாடகத்தில் பேய் கேட்கும் கேள்வி இவ்வளவு நேர்மையாக இருக்க முடியுமென்றால், அந்த நாடகத்தில் தீமை பேயிடம் இல்லை என்று பொருள்.

தஸ்தயேவ்ஸ்கியை மேற்கு என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும்; அவரே அதை மறுத்திருப்பார். ஆனால் துருக்கிய எழுத்தாளர்கள் வாசித்து வளர்ந்த மேற்கில் அவருக்கு முதல் வரிசையில் இடம் இருப்பதால் சேர்த்துக்கொள்கிறேன். 'கரமாசோவ் சகோதரர்கள்' நாவலில் இவானின் அறைக்கு வரும் சாத்தானுக்கு இறக்கையும் இல்லை, கம்பீரமும் இல்லை. பழைய பாணிச் சட்டை போட்ட, வசதி இழந்துபோன ஒரு கனவான். விண்வெளியைக் கடந்து வரும்போது விருந்துக்கான மெல்லிய உடையில் வந்ததால் சளி பிடித்துவிட்டது என்று அலுத்துக்கொள்கிறான். ஏழு பூட் (பழைய ரஷ்ய எடை அளவு) கனமுள்ள ஒரு வணிகன் மனைவியின் உடலில் பிறந்து, அவள் நம்புவதையெல்லாம் நம்பிக்கொண்டு வாழ வேண்டும் என்பதே அவன் ஆசை. இவானுக்கு இவன்மேல் வரும் கோபம் அவமானத்தால் வருவது. தனக்கு வாய்த்த சாத்தான் இவ்வளவு அற்பனா என்ற அவமானம். உண்மையில் அன்று அவனை உலுக்கியிருந்தது இன்னொருவனின் பேச்சு. தந்தையைக் கொன்ற வேலைக்காரன் ஸ்மெர்த்யாகோவ், கொன்றவர் நீங்கள்தான், நான் உங்கள் கையாள் மட்டுமே, எல்லாம் அனுமதிக்கப்பட்டது என்று எனக்குச் சொல்லித்தந்தது நீங்கள்தானே என்று சொல்லியிருக்கிறான். இவான் ஒரு கருத்தைப் பேசினான். இன்னொருவன் அதைச் செய்தான். இருவரும் ஒருவரை ஒருவர் சாக்காக வைத்துக்கொண்டார்கள். மில்டனின் பேரரக்கனிலிருந்து சளி பிடித்த விருந்தாளி வரை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் ஐரோப்பியச் சாத்தான் இந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறான்.

துருக்கிய மரபில் அவன் சுருங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, ஏனென்றால் அங்கே அவன் அவ்வளவு பெரிதாக வளரவே இல்லை. இறைவனுக்கு எதிராகப் படை திரட்டும் சக்தி இப்லீஸுக்கு இஸ்லாமிய மரபு தரவில்லை. ஊதிவிடுவதும் ஆசை காட்டுவதும்தான் அவனால் ஆகும். அதனால் அனத்தோலியாவின் சூஃபிக் கவிஞர்கள் போரிட்டது நஃப்ஸ் எனப்படும் சுயத்தோடுதான். யூனுஸ் எம்ரேயின் பாடல்கள் முழுவதிலும் அந்த உட்பகை ஓடுகிறது. ரூமி பாரசீகத்தில் எழுதியவர் என்றாலும் துருக்கிய இலக்கிய மனம் உருவானதில் அவருக்குள்ள பங்கை யாரும் மறுக்கமாட்டார்கள். மஸ்னவியின் இரண்டாம் புத்தகத்தில் அவர் சொல்லும் ஒரு கதை, தீமையின் பேச்சுத்திறனைப் பற்றி நான் படித்தவற்றில் மிகத் தந்திரமானது.

கலீஃபா முஆவியா அரண்மனையில் உறங்கிக்கொண்டிருக்கிறார். யாரோ அவரை எழுப்புகிறார்கள். தேடிப் பார்த்தால் ஓர் உருவம் திரைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறது. யார் என்று கேட்டால், இப்லீஸ் என்கிறது. ஏன் எழுப்பினாய் என்றால், தொழுகை நேரம் போகிறது, விரைந்து பள்ளிவாசலுக்குப் போங்கள் என்கிறது. திருடன் வீட்டுக்குக் காவல் நிற்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? முஆவியா நம்பவில்லை. இப்லீஸ் விளக்கத் தொடங்குகிறான். நானும் ஒரு காலத்தில் வானவர்களோடு இருந்தவன், முதல் காதல் அவ்வளவு எளிதில் நெஞ்சைவிட்டுப் போகுமா, நான் பணிய மறுத்தது கூட அந்தக் காதலின் பொறாமையால்தான், எதிர்ப்பால் அல்ல என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறான். மில்டனின் சாத்தானுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டு முந்திய பேச்சு இது. உருக்கத்தில் அதற்குக் குறைந்ததும் அல்ல. ஆனால் ரூமி தம் வாசகரை அந்த உருக்கத்தில் மூழ்க விடுவதில்லை. முஆவியா பிடித்த பிடியை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இறுதியில் உண்மை வெளிவருகிறது. தொழுகை தவறியிருந்தால் நீங்கள் விட்டிருக்கும் ஏக்கப் பெருமூச்சு இருநூறு தொழுகைகளைவிட மேலானதாகப் போயிருக்கும், அந்தப் பேறு உங்களுக்குக் கிடைக்கக் கூடாது என்றே எழுப்பினேன் என்கிறான். நன்மை செய்வதுபோல் வந்த தீமை இது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: இப்லீஸின் அழகான பேச்சு முழுவதும் ஒரு நீண்ட சாக்கு என்பதைக் கதையின் அமைப்பே காட்டிவிடுகிறது.

நாட்டார் மரபுக்கு வந்தால், 'தேதே கோர்குத்' கதைகளில் தெபெகோஸ் என்னும் ஒற்றைக்கண் அரக்கன் இருக்கிறான். டிரெஸ்டன் நூலகத்தில் இருந்த கைப்பிரதியிலிருந்து இந்தக் கதையை ஜெர்மானியரான டீட்ஸ் 1815இல் வெளியிட்டபோது, ஹோமரின் ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸோடு அதை ஒப்பிட்டார். அன்று முதல் இன்றுவரை ஒற்றுமைகளைப் பற்றியே அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. வேற்றுமைதான் நமக்கு வேண்டியது. பாலிஃபீமஸ் கடல் தெய்வத்தின் மகன். எங்கோ ஒரு தீவில், தன் குகையில் இருக்கிறான். ஒடிஸியஸ்தான் அவனைத் தேடிப் போகிறான். தெபெகோஸ் அப்படி எங்கிருந்தோ வந்தவனல்ல. ஒகுஸ் இனத்தைச் சேர்ந்த ஓர் ஆட்டிடையன் நீரூற்றருகே ஒரு தேவகன்னியைப் பலவந்தப்படுத்துகிறான்; ஒகுஸ் மக்களுக்கு அழிவைத் தேடித் தந்துவிட்டாய் என்று சொல்லிப் பறந்துபோகும் அவள், பின்னர் திரும்பிவந்து அந்தப் பிள்ளையை அங்கேயே விட்டுச் செல்கிறாள். அரூஸ் என்னும் பிரபு அதைத் தன் வீட்டிலேயே வளர்க்கிறார். பாலூட்டிய செவிலிகளின் உயிரையே உறிஞ்சி, உடன் விளையாடும் பிள்ளைகளின் மூக்கையும் காதையும் கடித்துத் தின்று, விரட்டப்பட்ட பிறகு தினம் இரண்டு மனிதரையும் ஐந்நூறு ஆடுகளையும் கப்பமாக வாங்கும் நிலைக்கு அவன் வளர்கிறான். அவனைக் கொல்பவன் பசாத். அதே அரூஸின் சொந்த மகன். கண்ணிழந்த தெபெகோஸ், நாம் உடன்பிறப்புகள், என்னைக் கொல்லாதே என்று கெஞ்சுகிறான். அவன் சொல்வது பொய்யும் அல்ல. இந்தக் கதையைச் சொன்ன பாணர்களுக்கு, ஊரை விழுங்கும் தீமை அந்த ஊரின் ஒரு குற்றத்தில் பிறந்து, அந்த ஊரின் பாலைக் குடித்தே வளர்ந்தது என்பதில் ஐயமே இல்லை.

இப்படி ஒரு மரபை வைத்துக்கொண்டு துருக்கிய நாவல் பிறந்தபோது, அது விசித்திரமாகப் பின்னோக்கிப் போனது என்றே சொல்வேன். நாமிக் கெமால், சைப்ரஸ் தீவின் மகோசாவில் நாடு கடத்தப்பட்டிருந்த காலத்தில் எழுதிய 'இந்திபாஹ்' 1876இல் வெளிவந்தது. நல்ல குடும்பத்து இளைஞன் அலி பே, மாஹ்பெய்கர் என்னும் பரத்தையிடம் மயங்கி அழிகிறான். அவன் வாழ்வில் வந்த திலாஷூப் என்னும் நல்ல பெண்ணும் மாஹ்பெய்கரின் சூழ்ச்சிக்குப் பலியாகிறாள். அந்த இளைஞனின் பொறாமை, கோழைத்தனம், விசாரிக்காமல் நம்பிவிடும் அவசரம் எல்லாம் பக்கங்களில் தெளிவாகவே இருக்கின்றன, ஆனால் ஆசிரியர் அவற்றை மன்னித்துவிட்டு, பழி முழுவதையும் மாஹ்பெய்கரின் தலையில் இறக்குகிறார். ஏவாளைக் கைகாட்டிய ஆதாமின் பேச்சு ஒரு நாவலின் கட்டுமானமாகவே ஆகிவிடுகிறது. முன்னோடி நூல் என்ற மரியாதையோடுதான் இதைச் சொல்கிறேன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஹாலிதே எதிப், ஒரு சிற்றூர் ஆசிரியையை மதத்தின் பெயரால் தூண்டிவிடப்பட்ட கூட்டம் அடித்துக் கொல்லும் கதையை எழுதியபோது, ஒழுக்கங்கெட்டவள் என்ற அந்தப் பழியே எப்படிக் கொலைக் கருவியாகிறது என்று காட்டி, இந்தக் கணக்கை ஓரளவு நேர் செய்தார்.

இனி நான் அதிக நேரம் நிற்க விரும்பும் நூலுக்கு வருகிறேன். சபாஹத்தின் அலியின் 'நமக்குள் இருக்கும் சாத்தான்' 1940இல் வெளிவந்தது. சபாஹத்தின் அலி ஜெர்மனியில் படித்தவர், ஜெர்மன் கற்பித்தவர். கெதேயின் நாடகம் அவர் அறியாததல்ல. நாவலின் நாயகன் ஒமேர் ஓர் அஞ்சலகத்தில் சொற்பச் சம்பள வேலையில் இருப்பவன். இஸ்தான்புல் படகில் மாஜிதே என்னும் இசை மாணவியைப் பார்த்த கணத்தில் காதல் கொள்கிறான்; அவளோடு வாழத் தொடங்குகிறான்; பிறகு அவள் கண்முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறான். ஒவ்வொரு சரிவுக்கும் அவனிடம் ஒரே விளக்கம் உண்டு: எனக்குள் ஒரு சாத்தான் இருக்கிறது, நான் விரும்பாததை அது என்னைச் செய்யவைக்கிறது. அவனோடு வேலைபார்க்கும் வயதான காசாளர் ஒருவர், குடும்பச் சிக்கலால் அலுவலகப் பணத்தில் கைவைத்துவிட்டதை அவனை நம்பிச் சொல்கிறார். நிஹாத் என்ற நண்பனின் தூண்டுதலால் ஒமேர் அதே ரகசியத்தை வைத்து அவரை மிரட்டிப் பணம் பறிக்கிறான். நாவலின் மிக இழிவான செயல் அதுதான். அதில் ரத்தமும் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. ஒரு பலவீனமான மனிதன் தன்னைவிடப் பலவீனமான ஒருவரின் நம்பிக்கையைக் காசாக்கிக்கொள்கிறான், அவ்வளவே.

நாவலின் முடிவில், காவலிலிருந்து விடுபட்டபின், ஒமேர் நண்பன் பெத்ரியிடம் பேசும் பகுதி துருக்கிய வாசகர்கள் பலருக்கு மனப்பாடம். நமக்குள் சாத்தான் எதுவும் இல்லை, அது நம் ஆணவம் கண்டுபிடித்த பொய் என்ற முடிவுக்கு அவன் வருகிறான். இருப்பதெல்லாம் இயலாமை, சோம்பல், மனவுறுதியின்மை, அறியாமை. இவை அனைத்தையும்விடப் பயங்கரமாக, உண்மைகளைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்ளும் பழக்கம். இந்தப் பட்டியலில் எனக்கு வியப்பளிப்பது அதன் சாதாரணத்தன்மை. இவானின் அறைக்கு வந்தவனுக்காவது ஓர் உருவமும் பழைய சட்டையும் இருந்தன. இங்கே அவற்றையும் ஆசிரியர் கழற்றிவிட்டார். உள்ளே பார்த்தால், ஒத்திப்போட்ட வேலைகளும் படிக்காமல் விட்ட கடிதங்களும் கிடப்பது போன்ற ஒரு மனம் மட்டுமே இருக்கிறது. நாஜி அதிகாரி ஐக்மனின் விசாரணையைப் பார்த்துச் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் தீமையின் சாதாரணத்தன்மை பற்றி 1963இல் எழுதுவதற்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பகுதி இது. இரண்டையும் சமமாக்க நான் முயலவில்லை. ஒமேரின் குற்றம் சிறியது. ஆனால் நாவலுக்குள் நிஹாத்தைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கிறது; இனப் பெருமை பேசிக்கொண்டு, பத்திரிகை நடத்திக்கொண்டு, ரகசியமாக எங்கிருந்தோ பணம் பெறும் கூட்டம். ஒமேரின் சோம்பல் போய்ச் சேரும் இடம் எது என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை.

அந்தக் கூட்டத்தின் சித்திரிப்பில் தம்மை அடையாளம் கண்டுகொண்டவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். இனவாதச் சிந்தனையாளரும் நாவலாசிரியருமான நிஹால் அத்ஸிஸ், நாவல் தலைப்பையே சற்று மாற்றிவைத்து எதிர்த்து ஒரு சிறுநூல் எழுதினார். 1944இல் அவர் சபாஹத்தின் அலியை நாட்டுத் துரோகி என்று எழுத, அது நீதிமன்றம் வரை போய், அங்காரா வீதிகளில் ஆர்ப்பாட்டமாக வெடித்தது. 1948இல், பல்கேரிய எல்லையைக் கடந்து தப்பிச் செல்ல முயன்றபோது சபாஹத்தின் அலி கொல்லப்பட்டார். கொன்றதாக ஒப்புக்கொண்டவர், என் தேசிய உணர்வுகள் தூண்டப்பட்டதால் செய்தேன் என்று வாக்குமூலம் தந்தார். நான்கு ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, பொதுமன்னிப்பில் வெளியே வந்துவிட்டார். அந்த வாக்குமூலத்துக்குப் பின்னால் அரசின் கை இருந்ததா என்ற கேள்வி துருக்கியில் இன்றுவரை ஓயவில்லை. பொதுக்காரியமும் மானமும் சாம்ராஜ்யமும் என்று மில்டனின் சாத்தான் அடுக்கியதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

யாஷார் கெமாலின் உலகில் கேள்வி வேறு பக்கம் திரும்புகிறது. 1955இல் வந்த 'இஞ்செ மெமெத்' முதல் பாகத்தில் அப்தி ஆகா ஐந்து கிராமங்களைக் கையில் வைத்திருக்கும் நிலக்கிழார். முட்புதர் மண்டிய நிலத்தில் உழைக்கும் குடியானவர்களின் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்டுபோகிறவர். மெமெத் மலையேறிக் கொள்ளைக்காரனாகி, இறுதியில் அவரைச் சுட்டுக் கொல்கிறான், கிராமம் கொண்டாடுகிறது. சாகசக் கதையாக அது அங்கேயே முடிந்திருக்கலாம். 1969இல் வந்த இரண்டாம் பாகத்தில், செத்த ஆகாவின் தம்பி ஹம்ஸா வந்து உட்காருகிறான்; அவன் அப்தியைவிட மோசம். அப்தி போனான், ஹம்ஸா வந்தான், அப்படியென்றால் நான் செய்ததற்கு என்ன பொருள் என்று மெமெத் திரும்பத் திரும்பத் தனக்குள் கேட்டுக்கொண்டு உடைந்துபோகிறான். தீமை ஒரு மனிதனுக்குள் இருக்கிறது, அவனை அகற்றினால் அதுவும் அகலும் என்ற நம்பிக்கையும் ஒருவகைச் சாக்குத்தான் என்பதை இந்த நான்கு பாக நாவலைப்போல் பொறுமையாகக் காட்டிய நூல் வேறு எனக்கு நினைவில் இல்லை. யாஷார் கெமாலின் தந்தை, தாம் எடுத்து வளர்த்த ஒருவனாலேயே பள்ளிவாசலில் குத்திக் கொல்லப்பட்டார். அப்போது கெமால் சிறுபிள்ளை. பல பத்தாண்டுகள் கழித்து 'கிம்செஜிக்' நாவல் வரிசையில் அந்தக் கொலைகாரனின் சாயலில் சல்மான் என்னும் வளர்ப்பு மகனை உருவாக்கியபோது, சொந்தப் பிள்ளை பிறந்ததும் அன்பிலிருந்து தள்ளப்பட்ட ஒரு சிறுவனின் வலியை அவர் அத்தனை பரிவோடு எழுதினார். தெபெகோஸை வளர்த்த அரூஸின் வீடு அந்த நாவல்களின் அடியில் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

ஓர்ஹான் பாமுக்கின் நாவலை ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் 'என் பெயர் சிவப்பு' என்று வாசித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். 1591ஆம் ஆண்டின் இஸ்தான்புல்லில் நுண்ணோவியர்களிடையே நடக்கும் கொலைகளின் கதை அது. கொலைகாரனே சில அத்தியாயங்களில் பேசுகிறான். செய்தது அனைத்தும் ஓவியக் கூடத்தையும் நண்பர்களையும் காப்பாற்றத்தான் என்பது அவன் சாக்கு. காப்பிக் கடையில் படத்தைத் தொங்கவிட்டுக் கதைசொல்லும் கலைஞன் ஒருவன், ஓர் இரவு சாத்தானின் குரலில் பேசுகிறான். ஆலிவ் எண்ணெயில் மிளகாய் வறுபடும் வாசனை தனக்குப் பிடிக்கும் என்று தொடங்கும் அந்தச் சாத்தான், உலகின் எல்லாத் தீமைக்கும் தன்னைக் காரணமாக்குவதைக் கேலி செய்கிறான். பெரும்பாலானோர் தம் பேராசையாலும் இச்சையாலும் உறுதியின்மையாலும், எல்லாவற்றுக்கும் மேலாக முட்டாள்தனத்தாலும்தான் பாவம் செய்கிறார்கள், அதற்குத் தன் தூண்டுதல் தேவையே இல்லை என்கிறான். குர்ஆனின் 14ஆம் அத்தியாயத்தில் தீர்ப்பு நாளன்று சாத்தான், உங்கள்மேல் எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, அழைத்தேன், வந்தீர்கள், ஆகவே என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்று பேசும் வசனத்தை அறிந்தவர்களுக்கு, பாமுக் புதிதாக எதையும் அவன் வாயில் திணிக்கவில்லை என்பது புரியும். சாத்தானைப் பேசவைத்த அந்தக் கலைஞனை, பின்னர், காப்பிக் கடைகளைப் பாவம் என்று கண்டிக்கும் எர்ஸுரூம் உபதேசியின் ஆட்கள் காப்பிக் கடையைச் சூறையாடிக் கொன்றுவிடுகிறார்கள்.

இதுவரை நான் சொல்லிவந்தது அனைத்துக்கும் அடங்காத ஒரு நாவல் உண்டு. யூசுஃப் அதில்கானின் 'தாய்நாட்டு விடுதி', 1973. சிறு நகரம் ஒன்றில் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பழைய மாளிகை விடுதியாகியிருக்கிறது. ஸெபெர்ஜெத் அதைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறான். அங்காராவிலிருந்து தாமதமாக வந்த ரயிலில் இறங்கிய ஒரு பெண் ஓர் இரவு தங்கிப் போகிறாள். அவள் திரும்பி வருவாள் என்று அவன் காத்திருக்கிறான். அவள் தங்கிய அறையை அப்படியே வைத்திருக்கிறான். பிறகு வேறு விருந்தினருக்கு இடமில்லை என்று சொல்லத் தொடங்குகிறான். ஓர் இரவு, விடுதியைச் சுத்தம் செய்யும் பணிப்பெண்ணை, உறக்கத்தில் இருக்கும்போது கழுத்தை நெரித்துக் கொல்கிறான். சில நாட்கள் கழித்துத் தூக்கிட்டுக்கொள்கிறான். கேம்யூவின் 'அந்நியன்' நாவலில் ஒருவனைச் சுட்டுக் கொல்லும் மெர்சோவை உடனே நினைப்போம், ஆனால் மெர்சோ நீதிமன்றத்தில் வெயிலைக் காரணம் சொன்னான். அவனிடம் கேட்பதற்கு ஒரு நீதிமன்றமும் இருந்தது. இயாகோ பேசமறுத்தபோது அவனைச் சூழ்ந்து நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனத்தில் இன்னும் ஒரு செருக்கு மிச்சமிருந்தது. ஸெபெர்ஜெத்திடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பணிப்பெண்ணைத் தேடி யாரும் வரவும் இல்லை. அவன் சாத்தானைச் சொல்லவில்லை, பெண்ணைச் சொல்லவில்லை, நாட்டைச் சொல்லவில்லை, தன் பலவீனத்தையும் சொல்லவில்லை. சாக்கைப் பறித்துவிட்டால் தீமையின் முகம் தெரிந்துவிடும் என்றுதான் சபாஹத்தின் அலி நம்பினார்; அதில்கானின் நாவலில் பறிப்பதற்கு ஒரு சாக்கும் இல்லை, அந்தக் கொலையை அதன் ஆசிரியரும் விளக்க முன்வரவில்லை.